மூலை வெட்டாத பதினான்கு பேர்

1

இந்த வாரத்தோடு நான் அந்தமான் தீவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. சாத்தூரிலிருந்து போனில் பேசும் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஜெயிலைப் பார்த்துவிட்டாயா? கடல் நிஜமாகவே அத்தனை நீலமா? பார்த்துவிட்டேன், நீலம்தான். அதற்கு மேல் அவர்களுக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. எனக்கும் நின்று நிதானமாகச் சொல்லத் தோன்றியதில்லை. போன மாதம், கப்பலில் போக வேண்டிய இன்னொரு தீவில், ஹட் பேயில், ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதை எழுதினால் இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பேயில், தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. பத்துபஸ்தியில் ஓர் அறை. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, அது தரையைத் தொட்டதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர வேண்டும். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். லீவில் ஊருக்குப் போனபோது, ஒரு லாரிச் சத்தத்துக்குப் பாதி வாக்கியத்தில் நான் வாயை மூடிக்கொள்ள, அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வந்த புதிதில் என் ஹிந்தியைக் கேட்கவே கவுண்டரில் கூட்டம் நிற்கும். ஹிந்தி இலக்கணத்தில் ஆணான கப்பலைப் பெண்ணாக்கினேன். கேப்டனையும் பெண்ணாக்கினேன். வரிசையில் நிற்கும் வங்காளிக்கும் தெலுங்குக்காரருக்கும் மலையாளிக்கும் ஹிந்தி இரவல் மொழிதான் என்பதால் யாரும் திருத்தவில்லை, சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் நான் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

2

இப்போது அட்டை விஷயம்.

தொண்ணூறுகளில் ஒரு பபிள்கம் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் படம் போட்ட சின்ன அட்டை இருக்கும். அட்டையின் பின்பக்கம் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி, அதற்குக் கீழே ஓர் எண். நான்கு ரன், ஆறு ரன் என்று. நூறு ரன் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு பேட் பரிசு. கொடுத்த அட்டைகளைக் கடைக்காரர் திருப்பித் தந்துவிடுவார், ஆனால் ஒவ்வொன்றிலும் வலது மேல் மூலையைக் கத்தரியால் வெட்டிவிடுவார். ஒரே அட்டையை இரண்டு தடவை கணக்கில் காட்டக்கூடாது அல்லவா, அதற்கு.

நான் பபிள்கம் வாங்கிச் சேர்த்தவன் இல்லை. அப்பா சாத்தூரில் பழைய பேப்பர் வாங்கும் வண்டி தள்ளினார். ஒரு வீட்டில் பரணைக் காலி செய்தபோது, நோட்டுப் புத்தகங்களோடு ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அட்டை வந்தது. எல்லாம் வெஸ்ட் இண்டீஸ், எல்லாம் மூலை வெட்டியது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான்தான். நான் எழுத்துக்கூட்டிப் படித்து, முழுதாகப் புரிந்துகொண்ட முதல் ஆங்கில வாக்கியம் பாடப்புத்தகத்தில் இருந்ததல்ல. 'இவர் இடது கையால் பந்து வீசுவார், வலது கையால் மட்டை பிடிப்பார்.' அதை நான் சத்தமாகப் படித்தபோது அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தி, என்னை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அதனால் அந்த அணிதான் என் அணி. அவர்கள் எந்த வருடம் எப்படித் தோற்றாலும் சரி. ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு தீவிலிருந்து வந்தவர் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. அட்டையில் ஊர்ப் பெயர் இருந்தது, அது தீவு என்று போடவில்லை.

3

சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு மூலை வெட்டாத அட்டைகளைத் தேடத் தொடங்கினேன். பழைய அட்டை சேகரிப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதை நடத்துபவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மதுரை சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் தீர்ப்பாகவே சொல்லிவிட்டார்: "வெஸ்ட் இண்டீஸ் செட் பதினாலும் முழு மூலையோட இந்தியாவுல எவன்ட்டயும் கிடையாது தம்பி. பெரிய ரன்னு பூரா அந்த டீம்லதான் போட்டான். ஒண்ணு விடாம எல்லாத்தையும் வெட்டிட்டானுங்க."

அவருக்குத் தெரியாத ஒன்றை நான் இங்கே வந்து கண்டுபிடித்தேன். தீவில் அந்த பபிள்கம் விற்றார்கள், ஆனால் பரிசு கொடுக்க ஆள் வைக்கவில்லை. ஏஜெண்டும் இல்லை, கத்தரியும் இல்லை. ஆக, இந்தியாவிலேயே மூலை வெட்டாத அட்டை இருக்க வேண்டிய இடம், பரிசு வந்து சேராத இந்த இடம்தான். பத்துபஸ்தியில் என் தெருவிலேயே ஒரு வங்காளித் தையல்காரர் ஐந்து அட்டை வைத்திருந்தார். சட்டை அளவு குறிக்க ரொம்ப நாளாக அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார், நல்லவேளை பென்சிலால். ஒன்று ஒன்றாக, ஐந்து வருடத்தில் பதின்மூன்று சேர்ந்தது. விக்கெட் கீப்பர் மட்டும் வரவில்லை.

மதுரை சாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அரை நாள் பதில் இல்லை. பிறகு அவரே கூப்பிட்டார். "தம்பி, மதுரையில ஒரு கண்காட்சி வைக்கிறோம். கீப்பரும் கிடைச்சிட்டா நடு மேசை உனக்கு. ஆனா ரூல் தெரியும்ல? கோந்து, டேப், பிளாஸ்டிக், எதுவும் மேல பட்டிருக்கக் கூடாது."

சின்ன வயதில் பழைய பேப்பர்க் கட்டில் வந்த கேப்டன் அட்டையை, மூலை வெட்டியதை, என் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஒருநாள் ஹட் பேக்கு டிக்கெட் எடுக்க வந்தவர் அதைக் குனிந்து பார்த்தார். நாற்பதைத் தாண்டிய வயது, சிமெண்ட் அப்பிய செருப்பு.

"தம்பி, இது வெஸ்ட் இண்டீஸ் கேப்டன்தானே? மூலையை எவன் கடிச்சான்?"

"வெட்டினதுண்ணே. பரிசு வாங்கிட்டாங்கன்னு அடையாளம்."

"அப்ப மெயின்லேண்ட்ல பரிசு குடுத்திருக்கானுங்க." அவர் முகம் மாறிவிட்டது. "எனக்குக் குடுக்கலியேப்பா. நூறு ரன் வச்சிருந்தேன். கீப்பரே ஆறு ரன்."

"கீப்பரா? மூலையோடவா?"

பின்னால் நின்றவர் பொறுமை இழந்து, "அரே பாயி, ஜல்தி கரோ" என்றார். இவர் திரும்பி, "ருக்கோ ஜி, தீஸ் சால் கா மாம்லா ஹை" என்றார். முப்பது வருடத்து வழக்கு, காத்திருக்கத்தான் வேண்டும் என்று அர்த்தம். வரிசை சிரித்துக்கொண்டே காத்திருந்தது.

அவர் பெயர் பாண்டி. அப்பா காலத்தில் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். தோட்டம் மூடிய பிறகு அவர் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறார்.

4

அடுத்த வாரமே லீவு போட்டு ஹட் பே போனேன். கப்பல் நிற்கும் ஜெட்டியிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. வீட்டின் முன் அறையில் அவர் மனைவி மல்லிகா அக்கா ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகள் திவ்யா என்னிடம் "பைட்டியே அங்கிள்" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு, பிறகு அம்மாவின் முறைப்பைப் பார்த்து, "உக்காருங்க" என்று பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள தமிழ்ல பேசுடின்னா நம்மளையே ஹிந்தில திட்டுறா" என்றார் அக்கா.

பாண்டி அண்ணன் உள்ளேயிருந்து ஒரு தபால் உறையைக் கொண்டுவந்தார். பையனாக இருந்தபோது நூறு ரன் சேர்த்து, பபிள்கம் தாளில் இருந்த விலாசத்துக்கு அவரே அனுப்பியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அதே அட்டைகள் திரும்பி வந்தன, கூடவே ஒரு வரி அச்சடித்த துண்டுத் தாள்: இத்திட்டம் அந்தமான் நிகோபார் தீவுகளுக்குப் பொருந்தாது. சுனாமியில் வீடு போனது, வீட்டிலிருந்த எல்லாம் போனது. இந்த உறை மட்டும் அப்போது போர்ட் பிளேரில் அவர் அக்கா வீட்டுப் பெட்டியில் கிடந்ததால் தப்பித்தது.

அட்டைகளைத் தரையில் பரப்பினார். விக்கெட் கீப்பர், நான்கு மூலையும் கத்தி போல. 

"அண்ணே, இது ஒண்ணு மட்டும் குடுங்க. என்கிட்ட இருக்கிறதுல எது வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"அதெப்படி? நூறு இருந்தாத்தான் பேட். கீப்பரை உருவிட்டா தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி நாலுக்கு எவன் பேட் குடுப்பான்?"

"அண்ணே, அந்தக் கம்பெனியே இப்ப இல்லையே."

"கம்பெனி இல்லாட்டி என்ன? ரன்னு இருக்குல்ல?"

"இந்தப் பேச்சைத்தான் கல்யாணமான நாள்லேருந்து கேக்குறேன்" என்றார் அக்கா, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே. "தாலி கட்டுன மறுநாள் நகை இருக்கா பெட்டி இருக்கான்னு கேக்கல. இந்தக் கவரைக் காட்டி, கம்பெனிக்காரன் செஞ்சது ஞாயமான்னு கேட்டாரு."

"ஞாயமா? நீயே சொல்லு தம்பி."

ஞாயம் இல்லைதான். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "பேட்டை நான் குடுத்தா?" என்றேன்.

"நீ யாருப்பா குடுக்கறதுக்கு?"

"மெயின்லேண்ட்லேருந்து வந்தவன்."

மூவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பாண்டி அண்ணன் முகத்தை ரொம்பக் கறாராக வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் இருந்த மாதிரியே வேண்டும் என்றார். கைப்பிடி ரப்பர் சிவப்பு நிறம். வேறு நிறம் செல்லாது.

5

அபர்தீன் பஜாரில் நல்ல பேட் கிடைத்தது, கைப்பிடி நீலம். சிவப்பு ரப்பர் சென்னையிலிருந்து வர வேண்டும். இங்கே கூரியரை நம்பி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. யார் வருகிறார்கள் என்று விசாரித்து, அவர் பையில் போட்டு அனுப்புவதுதான் வழக்கம். எங்கள் ஆபீஸ் டிரைவரின் மச்சான் கொண்டுவந்து சேர்த்தார்.

பேட் தயார். ஆனால் கப்பல் இல்லை. தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. 'வானிலை காரணமாக ஹட் பே கப்பல் ரத்து' என்ற தாளை நாள்தோறும் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. ஒட்டிவிட்டு, எல்லோரையும் போல நானும் வெளியே வந்து வானத்தைத் திட்டுவேன்.

கப்பல் ஓடினாலும் எனக்கு இடம் கிடைப்பது சுலபமில்லை. இங்கே தீவுக்காரர் அட்டை என்று ஒன்று உண்டு. அது இருப்பவர்களுக்குத்தான் டிக்கெட்டில் முதல் உரிமை. என் மனு மூன்று தடவை திரும்பியிருக்கிறது. ஒரு தடவை வாடகை ஒப்பந்தம் பழையது என்றார்கள், ஒரு தடவை புதியது என்றார்கள். மூன்றாம் தடவை, அப்பாவின் கல்வித் தகுதி என்ற கட்டத்தை நான் காலியாக விட்டது தவறு. "இல்லை என்று எழுது, காலியாக விடாதே" என்றார் அதிகாரி. எழுதினேன். ஆக, என் கவுண்டரில் நானே வெளியாள். டிக்கெட் கொடுத்து முடித்த பிறகு, மிச்சம் இருந்தால் எனக்கு.

அந்த மழை மாதத்தில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். அட்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் போட்டு, அலமாரிக்குள் ஒரு பல்பும் எரியவிட்டு வைத்திருந்தேன். அப்படியும் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகில் பழுப்புப் புள்ளிகள். பூஞ்சை. துடைத்தால் மை வருகிறது. மதுரை சாரிடம் கேட்டேன். "ஏசி ரூம்ல வைப்பா" என்றார். மூன்று மணி நேரம் கரண்ட் போகிற ஊரில் ஏசி ஈரத்தைச் சேர்க்கும், போக்காது. அதை அவரிடம் சொல்லவில்லை. கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

6

மழை இரண்டு நாள் விட்டது. முதல் கப்பலில் மிச்சமிருந்த ஓர் இடத்தில் ஏறினேன். ஒரு கையில் பேட், முதுகுப் பையில் பதின்மூன்று அட்டைகள். பதினான்கையும் ஒன்றாக வைத்து அங்கேயே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், நான் எடுக்கவில்லை.

"பப்பா கா பேட் ஆ கயா!" என்று, அப்பாவின் பேட் வந்துவிட்டதை ஊருக்கே சொல்வது போல், திவ்யா ஜெட்டியிலேயே கத்த, கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாண்டி அண்ணன் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பேட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கைப்பிடியின் நிறத்தைப் பார்த்தார். எடையைப் பார்த்தார். பிறகு, அந்த ஈர சிமெண்ட் தரையிலேயே, வராத ஒரு பந்தை முன்காலில் போய்த் தடுத்தார். அடிக்கவில்லை, தடுத்தார். முப்பது வருடம் மனதுக்குள் ஆடியவர் முதல் பந்தில் அவசரப்படவில்லை.

"வா, உன் ஆளைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

கடைக்குள் போனோம். மல்லிகா அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு வெள்ளைத் துணியைப் பிரித்து, விக்கெட் கீப்பரை என் கையில் வைத்தார்.

லேமினேட் செய்திருந்தார்.

குமிழி ஒன்று இல்லை, சுருக்கம் இல்லை. ஓரங்களை அளவெடுத்து வெட்டி, பிளாஸ்டிக்கின் மூலைகளை மட்டும் கையில் குத்தாதபடி வளைத்திருந்தார். அத்தனை சுத்தமான லேமினேஷனை நான் பார்த்ததே இல்லை. சூட்டில் ஒட்டினால் ஒட்டியதுதான், அதை எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது.

"கப்பல்ல போற பொருளாச்சே தம்பி. தண்ணி கிண்ணி பட்டா என்ன ஆறது? டபுள் கனத்துல போட்டிருக்கேன்."

என் முகம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பாண்டி அண்ணனுக்குத் தெரிந்தது. நான் முதல் தடவை போனபோது கண்காட்சி விதியை அவரிடம் சொல்லியிருந்தேன்.

"அடியே, என்ன பண்ணி வச்சிருக்க? சும்மா அப்படியே குடுக்கணும்டி. அதுக்குத்தான இந்தப் பிள்ளை வாந்திக் கப்பல்ல வந்திருக்கு!"

"மூலையைத்தான் வெட்டக் கூடாதுன்னீங்க? நாலு மூலையும் இருக்கா இல்லையா, பாருங்க!"

"பிளாஸ்டிக் படக் கூடாதுடி!"

"அதை எங்கிட்ட யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் ரேஷன் கார்டு நகல், கல்யாணப் போட்டோ, மின்வாரிய ரசீது, திவ்யாவின் ஓட்டப் பந்தயச் சான்றிதழ், முருகன் படம், எல்லாமே லேமினேட் செய்தவை. பார்த்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

வெளியே வந்து மதுரை சாரைக் கூப்பிட்டேன். மறைக்காமல் சொன்னேன்.

"லேமினேட்டா? போச்சு. அது செத்த கார்டுப்பா. நீ பதிமூணையும் கொண்டு வா. கீப்பர் இடத்தைக் காலியா விட்டு வைப்போம். பதிமூணே பெரிய விஷயம்தான், நடு மேசை உனக்குத்தான்."

நல்ல மனிதர். அவர் பக்கத்தில் பார்த்தால் அது பெரிய சலுகை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அக்கா என் டப்பாவைத் திறந்து, அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய், தொழில்காரியின் முகம் வந்திருந்தது.

"இந்த ரெண்டும் பூத்துப் போச்சே. இந்தா, மூணாவதும் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மழை தாங்காது தம்பி."

"தெரியும்க்கா."

"உங்களுக்கு என்ன தெரியும், நீங்க நேத்து வந்தவங்க. அலை வந்துட்டுப் போனப்புறம் நாங்க யாருன்னு சொல்றதுக்கு எங்ககிட்ட ஒரு காகிதம் இல்ல. முகாம் போட்ட ஸ்கூல் ரூம்ல, பேரு என்ன, அப்பா பேரு என்னன்னு ஒவ்வொருத்தரும் வாயால சொல்லி நிரூபிக்கணும். எங்க மாமியாரோட போட்டோ ஒண்ணு சேத்துக்குள்ள கிடைச்சுது. கையில எடுத்தேன், கஞ்சி மாதிரி வழிஞ்சிருச்சு. நிவாரணத்துல வந்ததுக்கு எல்லாரும் தகரம் வாங்குனாங்க, நான் இந்த மெஷினை வாங்குனேன்." மெஷினின் மேல் மூடியைக் கையால் தட்டினார். "மெயின்லேண்ட்ல காகிதத்தைக் காகிதமாவே வச்சுக்கலாம். இங்க முடியாது."

 பாண்டி அண்ணன் பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "பேட்டைத் திருப்பி எடுத்துக்கறியா தம்பி?" என்றார். அவர் அதைக் கேட்ட விதத்தில், எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னால் கொடுத்துவிடுவார் என்று தெரிந்தது.

"நூறு ரன்னுக்கு உங்க பேட். அது உங்களுதுண்ணே."

மேசையில், மூலை வெட்டாத கேப்டன் தொடங்கி, பதின்மூன்று பேரையும் வரிசையாக வைத்தேன். கடைசியில் கீப்பரை வைத்தேன். அவர் மட்டும் பளபளத்தார். மற்றவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் மங்கியிருந்தார்கள். செத்தவர் யார், சாகப் போகிறவர்கள் யார் என்று மதுரையிலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி தெரியும், ஹட் பேயிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். நடு மேசையில் இரண்டு நாள் இருந்துவிட்டு, அட்டைகள் திரும்ப என்னோடு இங்கேதான் வர வேண்டும். நான் இங்கேதான் இருக்கப் போகிறேன்.

மதுரை சாரை மறுபடி கூப்பிட்டேன். "சார், பதினாலும் ஒண்ணாத்தான் இருக்கும். மேசையை வேற ஆளுக்குக் குடுத்துடுங்க."

"தம்பி, அவசரப்படாத. அந்தப் பதிமூணு மாதிரி இன்னொரு செட்..."

"கிடைக்காது சார். தெரியும்."

போனை வைத்துவிட்டு, "அக்கா, மெஷினைப் போடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நிஜமாவா? அப்புறம் என்னை வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். டபுள் கனம். புள்ளி விழுந்த அந்த மூணையும் முதல்ல உலர்த்திக் குடுங்க."

திவ்யா விசிறியைக் கொண்டுவந்து அட்டைகளுக்கு வீசினாள். அக்கா ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது, சூடான பிளாஸ்டிக் வாசனை மெல்ல வந்தது. பாண்டி அண்ணன் எழுந்துவந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். 

மெஷின் சூடேறிப் பச்சை விளக்கு வந்தது. முதலில் கேப்டனைக் கொடுத்தேன்.